இரவல் பிள்ளைகள்

எழுத்து ஏறாத பிள்ளைகளுக்கு உங்கள் காலத்தில் உதவி ஒன்றும் இருந்திருக்காதே என்று போன கிழமை ஓர் இளம் ஆசிரியை என்னிடம் கேட்டார். மாத்தளை நகரத்துப் பள்ளியொன்றில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்புத் தொடங்கப்போகிறார்கள். தொடக்க நாளில் பேசுவதற்குப் பழைய வாத்தியார் ஒருவர் வேண்டுமாம். அதற்காக என்னைத் தேடி வந்திருந்தார்.

உதவி இல்லை என்று யார் சொன்னது என்றேன். தாராளமாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் வல்லாரை. வல்லாரை வேலை செய்யாவிட்டால் காது. காதுக்கும் மூளைக்கும் நடுவில் ஏதோ ஒரு நரம்பு ஓடுகிறது என்று தோட்டத்து வாத்தியார்கள் எல்லோரும் நம்பினோம். திருகித் திருகி அந்த நரம்பைத் தேடினோம். காதும் கைவிட்டால் மாரியம்மன் கோயில் பூசாரி மந்திரித்த கயிறு. கயிறும் அறுந்து விழுந்த பிறகு சுவர் வாங்கு.

அவர் சிரித்துவிட்டார். பேச வருவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. மேடையில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மாத்தளையில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒழுங்காகப் படித்தேன். படிப்பு முடிந்ததும், தேயிலையும் கொக்கோவும் பயிரான ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துக்கு வாத்தியாராகப் போனேன். பள்ளிக்கூடம் என்பது தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் கொக்கோ ஸ்டோருக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை அறை. வகுப்பு மூன்று, வாத்தியார் ஒருவர். மூன்றாம் வகுப்புக்கு மேலே தகரம்தான். அதைப் பாஸ் பண்ணிய பிள்ளைக்குப் படிப்பு முடிந்தது. மறுநாள் விடியற்காலையில் ஆளெடுக்கும் பிரட்டில் போய் நின்று அரைப்பேருக்கு, அதாவது பெரியவர்களின் கூலியில் பாதிக்கு, கொழுந்துக் கூடையைத் தூக்கலாம்.

சுவர் வாங்கு என்று சொன்னேனே, அது சுவரைப் பார்த்தபடி போடப்பட்டிருந்த ஒரு நீளப் பெஞ்சு. எழுத்து ஏறாதவர்கள் அதில் உட்காருவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மந்தம் தொற்றிவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முன்னிருந்தவர் விட்டுப் போனது. நான் செய்த சீர்திருத்தம், அதை இன்னும் கொஞ்சம் நீளமாக்கியதுதான்.

அந்த வாங்கில் நிரந்தரமாகக் குடியிருந்தாள் ஒரு சிறுமி. கதை சொன்னால் ஒரு தடவை கேட்டதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். மனக்கணக்கில் என்னை முந்துவாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுவாள். நேற்று வாசித்த சொல் இன்று அவளுக்குப் புதிய சொல். சிலேட்டில் எழுத்துகள் தலைகீழாகவும் பக்கம் மாறியும் நிற்கும். கதை சொல்லத் தெரிந்தவளுக்கு எழுத்துத் தெரியாமல் போகுமா, இது திமிர் என்று முடிவு கட்டினேன். திமிருக்கு மருந்து என் மேசையின் மேலேயே இருந்தது. மெல்லிய கறுவாப்பட்டை மரத்துத் தடி. அடித்தால் கை மணக்கும். அந்த மணத்தைப் பற்றி நான் வகுப்பில் ஒரு பகிடியும் விடுவேன்.

ஒருநாள் கணக்கப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். பிரட்டில் ஆளெடுப்பதும் கொக்கோ காயப்போடுவதும் அவர் பொறுப்பு. அவருக்குப் பின்னால் கூடையும் முதுகுமாக அந்தச் சிறுமியின் தாய்.

"என்னா வாத்தியாரையா, இந்தக் குட்டி மூணு வருசமா ஒங்க செவத்தத்தானே படிக்குது? செவத்துல என்னாதான் எழுதியிருக்கு? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் கணக்கப்பிள்ளை.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாய் சிரிக்கவில்லை. "ஐயா, அவளப் பிரட்டுக்கு எடுக்காம இன்னும் ஒரு வருசம் விட்டுக் குடுங்க. கைப்புள்ளைங்களப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவுக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஆயாதான் வேணும்னு டாக்டரையா சொல்லிக்கிட்டு இருக்காரு. மருந்துப் போத்தல்ல என்னா எழுதியிருக்குன்னு தெரியணுமாம். இப்ப இருக்கிற ஆயா கெழவியாயிட்டா. எம்மவ நாலு எழுத்துப் படிச்சுட்டா அந்த எடத்துக்கு அவள வைக்கலாம்."

"ஒன் மவளா? நாலு எழுத்தா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"எங்காலப் பாருங்க" என்று அவள் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். அட்டை கடித்துக் கடித்துப் புண்ணாகி ஆறாத கால். "இந்தக் காலோட அவளும் மல ஏற வேணாம். வருசம் முடிய வாசிக்காட்டி நானே பிரட்டுக்குக் கூட்டியாறேன். வாத்தியாரையா, நீங்க சொல்லுங்க."

படிப்பித்துத் தருகிறேன் என்று சொன்னேன். எல்லோருக்கும் சொல்வதுதான். கணக்கப்பிள்ளை ஒரு வருடம் என்று விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சுவர் வாங்குப் பிள்ளைகளுக்குக் கைவேலை என்று ஒரு பாடம் வைத்திருந்தேன். ஸ்டோருக்கு முன்னால், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கட்டிய பெரிய களம் ஒன்று உண்டு. கொக்கோ விதைகளை அதில்தான் காயப்போடுவார்கள். மத்தியானம்வரை இந்தப் பிள்ளைகள் அங்கே போய் விதைகளைக் கிளறிவிட வேண்டும். கணக்கப்பிள்ளைக்குக் கூலியில்லாத ஆள், எனக்கு இரைச்சலில்லாத வகுப்பு. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இதைத் தொழிற்பயிற்சி என்று எழுதியிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் களத்தைச் சுற்றி வந்தபோது, பரப்பிய கொக்கோவின் நடுவில் ஓர் 'அ' கிடந்தது. ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிது. சுழியும் வளைவும் கச்சிதம். பக்கத்தில் அவள் குந்தியிருந்தாள். கை முழங்கைவரை கொக்கோச் சாறு.

"யார் போட்டது?"

அவள் முதலில் அடிக்குப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு, "நான்தானுங்க" என்றாள்.

"சிலேட்டுல போடச் சொன்னா ஏன் போடல?"

"சிலேட்டுல எழுத்து ஆடுதுங்க. புத்தகத்துலயும் ஆடுது. இதுல கையால தள்ளித் தள்ளிப் போனா ஆடாம நிக்குது."

எழுத்து ஆடுகிறதா என்று நான் அதுவரை எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் தடி முந்திவிடும்.

அன்றிலிருந்து நாள்தோறும் கொஞ்ச நேரம் களத்துக்குப் போனேன். ஓர் எழுத்தைக் கொக்கோவில் நான் இழுப்பேன். அவள் அதன்மேல் கையை வைத்து நடத்துவாள், கண்ணை மூடிக்கொண்டு நடத்துவாள், கலைத்துவிட்டுத் திரும்பப் போடுவாள். ஓர் எழுத்துக்கு ஒரு கிழமைகூட ஆகும். ஆனால் வந்த எழுத்து போகவில்லை. கணக்கப்பிள்ளை ஸ்டோர் வாசலில் நின்று சத்தம் போடுவார்.

"வாத்தியாரையா, கொக்கோ காயப் போட்டிருக்கா, பள்ளிக்கூடம் போட்டிருக்கா? தொரை கண்டா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும்!"

உயிரெழுத்துகள் முடிந்து, மெய்யில் 'ட' வரைக்கும் வந்தோம். ஒருநாள் 'அக்கா' என்று அவளே களத்தில் போட்டு, அவளே வாசித்து, அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய பரிசுகள் எதற்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் களத்தோடேயே நாங்கள் இருந்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது.

இங்கே எங்கள் பகுதி வாத்தியார்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரீட்சை பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் ஒரு நாளைக்கு ஒரு தோட்டம்தான் போவார். பிள்ளைகள் நன்றாக வாசித்தால் பள்ளிக்கு அரசாங்க உதவி தொடரும், வாத்தியாருக்கு வேலை நிலைக்கும். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் இரவல் கொடுப்போம். கலியாண வீட்டுக்கு டோபி வேட்டி கொடுப்பது மாதிரி. இன்று அங்கே, நாளைக்கு இங்கே. வரவு பதியும் டாப்பில் இருக்கிற பெயருக்கு இரவல் பிள்ளை "உள்ளேன் ஐயா" சொல்லும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரப் பிள்ளை எங்கேயாவது ஒளிந்திருக்கும். மலைநாட்டுக் கல்வி எங்கள் தோட்டங்களில் வளர்ந்தது இப்படித்தான். எல்லாத் தோட்டத்திலும் வாசிக்கத் தெரிந்தவை அதே ஏழெட்டுப் பிள்ளைகள்தாம்.

முதல் வருடம் கேட்காமலே இரவல் பிள்ளைகள் வந்து இறங்கியபோது நான் முகம் சுளித்தேன். பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "ஒன்ன மாதிரி யோக்கியனெல்லாம் மொத வருசம் இப்பிடித்தான்யா. ரெண்டாவது வருசம் நீயே வந்து, 'அண்ணே, அந்தச் செவப்புப் பொண்ணு இருக்கா?'ன்னு கேப்ப." இரண்டாவது வருடம் கேட்டேன்.

அவள் 'அக்கா' போட்ட அந்த வருடமும் கேட்டேன். சுவர் வாங்குப் பிள்ளைகளைக் கொக்கோ ஸ்டோருக்குள் விட்டேன். "யாரும் வாய் தெறக்கக் கூடாது. இங்க நடக்கிறத வீட்டுலகூடச் சொல்லக் கூடாது. சொன்னா தொரை பள்ளிக்கூடத்த மூடிப்புடுவாரு" என்றேன். அந்தச் சிறுமி எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினாள். அவளுக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம் தேவையாக இருந்தது.

இரவல் பிள்ளைகளுக்குப் பெயர் பிரித்துக் கொடுக்கும்போது, வந்ததில் மிகக் கெட்டிக்காரிக்கு, மூன்றாம் வகுப்பில் பதிந்திருந்த அவளுடைய பெயரைக் கொடுத்தேன். ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவள் பெயருக்கு ஒரு நல்ல வாசிப்புச் சேரட்டும் என்று ஓர் ஆசை. அன்பு என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வடக்கிலிருந்து வந்தவர், மூக்குக் கண்ணாடிக்காரர். துரையும் கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் ஒரு சிறுவனை எழுப்பி, "தம்பி, உன்ர அப்பாவின்ர பேர் என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவன் குழம்பிப்போய், "எந்தத் தோட்டத்து அப்பாங்க?" என்றான்.

"அவங்கப்பா ரெண்டு தோட்டத்துல வேல செஞ்சவருங்க ஸார்" என்றேன். இன்ஸ்பெக்டர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்தப் பெடியனை நான் நேற்றும் எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு."

"தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் ஒரே சாயல்தானுங்களே ஸார்."

"அது சரி" என்றார். அவருக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பங்களாவுக்குப் போக வேண்டியிருந்தது.

பிறகு அவளுடைய பெயரைக் கூப்பிட்டார். இரவல்காரி எழுந்து வந்து மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை நீரோடை மாதிரி வாசித்தாள். புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்தார்கள், அதையும் வாசித்தாள். துரைக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கைதட்டினார்.

"மாஸ்டர், இந்தப் பிள்ளைக்கு நீர் இனிப் படிப்பிக்க ஒண்டும் இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். அதைத் துரைக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். துரை எழுந்து என் தோளில் தட்டினார். அந்தத் தோள் கொஞ்ச நேரம் உயர்ந்தே இருந்தது. என்ன செய்துவிட்டேன் என்பது, அவர்கள் கார் வளைவில் மறைந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் பிரட்டில் கணக்கப்பிள்ளை அவளுடைய பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். படிப்பு முடிந்தவள், துரையே கைதட்டியவள். இனி எதற்குப் பள்ளிக்கூடம்? பிள்ளைக் காம்பரா வேலைக்கு வயது வரட்டும், அதுவரைக்கும் கொழுந்து எடுக்கட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

அன்று பின்னேரம் தாய் வாழைப்பழமும் தேங்காயும் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். மகளையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். சிறுமியின் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"ஐயா, நீங்க மவராசனா இருக்கணும். எம்மவ தொரைக்கி முன்னாடி வாசிச்சாளாமே! தோட்டமே பேசுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இந்தச் சனியன் என்கிட்ட வாசிக்க மாட்டேங்குதுங்க. நேத்து ராவு தீப்பெட்டியக் குடுத்து, இதுல என்னா எழுதியிருக்கு சொல்லுடின்னேன். வாயத் தெறக்கல. மருந்துப் போத்தலக் குடுத்தேன், அதுக்கும் வாயத் தெறக்கல. தொரைக்கி வாசிப்பா, பெத்தவளுக்கு வாசிக்க மாட்டாளான்னு ரெண்டு போட்டுட்டேன். நீங்களாச்சும் கேளுங்க."

சிறுமி என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது பெரிய உதவி இல்லை. வாசித்தது இவள் இல்லை என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தை முதல்நாள் இரவே அவள் சொல்லியிருக்கலாம், அடியிலிருந்தும் தப்பியிருப்பாள். சொல்லாதே என்று நான் சொன்னதால் அவள் சொல்லவில்லை.

"வெக்கப்படுதும்மா. அடிக்காதீங்க, போகப் போக வாசிக்கும்" என்றேன்.

தாய் நம்பினாள். படித்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும். சிறுமி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. வாழைப்பழத்தை நான் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

துரையிடம் போய் உண்மையைச் சொல்ல நினைக்காமல் இல்லை. முதலில் பக்கத்துத் தோட்டத்து வாத்தியாரைக் கேட்டேன். கேட்டதே, வேண்டாம் என்று யாராவது சொல்லவேண்டும் என்பதற்காகத்தான்.

"போய்ச் சொல்லேன். ஒரு புள்ள திரும்பப் பள்ளிக்கூடம் வரும். இந்த மலையில அத்தன வாத்திமாரும் பொட்டி கட்டுவோம். ஒம் பொட்டி எங்க இருக்கு?" என்றார். என் பெட்டியை நான் தேடவில்லை.

அந்த வருடம் உதவிப் பணம் குறைவில்லாமல் வந்தது. புது வாங்கு ஒன்று வாங்கினோம். மந்தமான பிள்ளைகளைத் தேற்றுவதில் நான் கைதேர்ந்தவன் என்று பெயர் பரவி, மாத்தளையில் வாத்தியார்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பொறுமையே மருந்து என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். களத்தையும் கொக்கோவையும் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவளையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளைக் காம்பராவுக்கு வேறு தோட்டத்திலிருந்து வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வந்தாள். இவள் கொழுந்துக் கூடையோடு வளர்ந்தாள், கலியாணம் கட்டினாள். வழியில் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடுவாள். அந்தக் கும்பிடுக்கு நான் வேகமாக நடந்து பழகினேன்.

பல வருடம் கழித்து ஒரு காலை, கால்சட்டை நழுவிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டாப்பில் பதிவதற்காக வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தாய் எதுவரை படித்தவள் என்பது அதில் ஒன்று. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"மூணாம் வகுப்புப் பாஸுங்க" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "நீங்கதானே பாஸ் பண்ணி வச்சீங்க."

எழுதினேன். வேறென்ன எழுதுவது.

"இவனுக்கும் எழுத்து ஆடுதுங்க ஐயா. தரையில எழுத்துப் போட வச்சுப் பாத்துட்டேன், எனக்குத் தெரியுது. இவன் வாசிக்காட்டிப் பரவாயில்ல. இவன் பேருக்கு மட்டும் எரவல் வாங்கிறாதீங்க."

அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை, கொழுந்து மலைக்கு நேரமாகிவிட்டது. மகனை வாசலில் விட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சிறுவனைச் சுவர் வாங்கில் உட்காரவைக்கவில்லை. வாங்கைத் திருப்பிப் போட்டேன். அவனையும் மற்றவர்களையும் களத்துக்குக் கூட்டிப் போய், மறந்துபோன வேலையைத் திரும்பத் தொடங்கினேன். கணக்கப்பிள்ளை இன்னும் இருந்தார், தலை நரைத்திருந்தது, சத்தம் நரைக்கவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரய்யா!" என்று ஸ்டோருக்குள்ளிருந்து கத்தினார். எழுத்துகள் மெதுவாகத்தான் வந்தன. அவளோடு நின்றுபோன 'ட' வரைக்கும் வந்த அன்று நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அடுத்த எழுத்தைப் போட்டோம்.

அவன் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம் நான் இரவல் வாங்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. சக வாத்தியார்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டராக இப்போது வேறொருவர் வந்தார். சிறுவன் எழுந்து நின்று ஒரு வரியை வாசித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் விரலால் தொடையில் எழுதிப் பார்த்துவிட்டு வாசித்தான். வரி முடிவதற்குள் இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பையன் பெயில்.

பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாயிடம் சொன்னேன்.

"பெயிலாயிட்டானா?" என்று கேட்டாள். முகம் மெல்ல மாறியது. நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை, சிறுமியாயிருந்தபோது களத்தில் ஒரே ஒரு தடவையைத் தவிர. "அப்ப அடுத்த வருசமும் பள்ளிக்கூடந்தான்!" என்று மகனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். சிரித்தபடி லயத்தை நோக்கி அவனை இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு நான் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை.

இந்தப் பள்ளிக்கூடத்தின் தரம் மிகவும் தாழ்ந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். துரை என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். நான் அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, ஓர் இன்ஸ்பெக்டர் என் பள்ளிக்கூடத்தை உள்ளபடி பார்த்தது அதுவே முதல் தடவை.